தோற்ற ஊசி, ஜெயித்த மருந்து

க்ஷயத்தைத் தடுக்கப் பிறந்த பி.சி.ஜி., மூத்திரப்பையைக் காக்க வந்த கதை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் மெஷினில் நின்ற ஒரு தொழிலாளியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. தினம் ஒரு கட்டு பீடி. மற்றபடி கெட்ட பழக்கம் கிடையாது.

ஒருநாள் விடியற்காலையில் சிறுநீர் கழிக்கும்போது அது செம்பருத்திப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் போலச் சிவந்து போகிறது. வலி இல்லை. எரிச்சல் இல்லை. மறுநாள் பழையபடி தெளிந்துவிடுகிறது.

அவர் என்ன செய்வார்? "உடம்புச் சூடு" என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். இரண்டு இளநீர் வாங்கிக் குடிப்பார். ராத்திரி வெந்தயம் ஊறவைத்துக் காலையில் விழுங்குவார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார். சொல்ல வெட்கம். தெளிந்துவிட்டதே, இனிமேல் என்ன என்று ஷிப்டுக்குப் போய்விடுவார்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை ரத்தக் கட்டியும் சேர்ந்து வந்து, சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே டாக்டர் கேட்கிற முதல் கேள்வி: "முதல் தடவை பார்த்தபோதே ஏன் ஐயா வரவில்லை?"

நஷ்டமாகிப் போனது அந்த ஆறு மாதம்தான். வலியில்லாமல் வரும் ரத்தம் மூத்திரப்பைப் புற்றுநோயின் முதல் அறிவிப்பாக இருக்கக்கூடும். கல், கிருமித் தொற்று, பிராஸ்டேட் வீக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. எது என்பதை வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இளநீர் சொல்லாது.

புற்றாகவே இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் மூத்திரப்பையை வெட்டி எடுக்காமல் பலரைக் காப்பாற்ற ஒரு மருந்து இருக்கிறது. அது என்ன மருந்து தெரியுமா? பிறந்த குழந்தையின் இடது தோளில் போட்டுத் தழும்பு உண்டாக்குகிறார்களே, அதே பி.சி.ஜி.தான்!

இந்த மருந்துக்கும் சென்னைக்கு மேற்கேயுள்ள வட்டாரத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அம்பத்தூரில் ரயில் ஏறி, ஆவடியைத் தாண்டி, அதே பாதையில் இன்னும் மேற்கே போனால் திருவள்ளூர். பி.சி.ஜி. ஊசிக்கு உலகத்திலேயே மிகப் பெரிய பரீட்சை நடந்த இடம் அதுதான். அந்தப் பரீட்சையில் ஊசி தோற்றது. அது ஜெயித்த கதையைச் சொல்வதற்கு முன், தோற்ற கதையைச் சொல்ல வேண்டும்.

உருளைக்கிழங்கில் வளர்ந்த கிருமி

பிரான்ஸ் தேசத்தில் லீல் என்ற நகரில் கால்மெட் என்ற டாக்டரும் கெரான் என்ற மிருக வைத்தியரும் சேர்ந்து 1908-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மாடுகளுக்கு க்ஷயத்தை உண்டாக்கும் கிருமியை எடுத்து, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை அதைப் புதிய துண்டுக்கு மாற்றினார்கள். மாற்ற மாற்றக் கிருமியின் கொடுமை குறைந்துகொண்டே வந்தது.

முதல் உலக யுத்தம் வந்தது. லீல் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. அப்போதும் வேலை நிற்கவில்லை. பதின்மூன்று வருஷத்தில் 230 தடவை மாற்றி வளர்த்த பிறகு, உயிர் இருந்தும் நோய் உண்டாக்காத சாதுவான கிருமி கிடைத்தது. 1921-ல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு பி.சி.ஜி. என்று பெயர் வந்தது.

கிண்டிக்கு வந்தது

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் அரசாங்க ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. அதே வருஷம் மதனப்பள்ளியில் ஊசி போடும் வேலையும் ஆரம்பமாயிற்று. பிறகு நாடெங்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஊசி போட்டார்கள்.

எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர் சாமான்யர் அல்ல. ராஜாஜி! உயிருள்ள கிருமியை ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் மொத்தமாகச் செலுத்துவது தகாது என்று 1955-ல் அவர் பகிரங்கமாக வாதாடினார். சர்க்கார் தரப்பு அதை மறுத்தது. இரண்டு பக்கத்து வாதத்துக்கும் ஒரே ஒரு முடிவுதான் இருக்க முடியும். ஊசி வேலை செய்கிறதா இல்லையா என்று பரீட்சை செய்து பார்த்துவிடுவதுதான் அது.

திருவள்ளூர்ப் பரீட்சை

அந்தப் பரீட்சை 1968-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரைச் சுற்றியிருந்த ஊர்களில் ஆரம்பமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முன்னின்று நடத்தியது. உலக சுகாதார ஸ்தாபனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவும் துணை நின்றன.

209 பஞ்சாயத்துகள், ஒன்பது பட்டணங்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பரீட்சையில் சேர்ந்தார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மருந்திலும் இரண்டு வகை: ஒன்று பிரெஞ்சு வகை, மற்றது டேனிஷ் வகை. பிறகு வருஷக்கணக்கில் எக்ஸ்ரேயும் சளிப் பரீட்சையுமாக ஜனங்களைக் கவனித்து வந்தார்கள்.

முதல் முடிவு 1979-ல் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை ஊசி தடுக்கவே இல்லை! பதினைந்து வருஷம் கவனித்த பிறகும் அதே முடிவுதான்.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பிஞ்சுக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் க்ஷயம் போன்ற கொடிய வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். அதைப் போடாமல் விடவே கூடாது. தோற்றது பெரியவர்களின் நுரையீரலைக் காக்கும் பந்தயத்தில் மட்டும்தான்.

திருவள்ளூரில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு டாக்டர் இதே கிருமியை வேறு ஒரு காரியத்துக்குப் பிரயோகம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கானடா டாக்டரின் யோசனை

அவர் பெயர் ஆல்வரோ மொராலஸ். தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில் பிறந்தவர். கானடாவில் கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் சர்வகலாசாலையில் சிறுநீர் உறுப்புகளின் வைத்திய நிபுணர், ஆராய்ச்சியாளர்.

மூத்திரப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும், ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு, கட்டி பையின் உள்தோலோடு நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது. உள்ளே காலிபிளவர் பூப்போலப் பூத்திருக்கும். சிறுநீர் போகும் வழியாகவே ஒரு குழாய்க் கருவியை நுழைத்து, வயிற்றைக் கிழிக்காமல் சுரண்டி எடுத்துவிடலாம். 1910-ல் நியூயார்க் டாக்டர் எட்வின் பீர் இந்த வழியில் மின்சாரத்தைச் செலுத்திக் கட்டியைக் கருக்கிக் காட்டினார்.

எடுப்பது சுலபம். ஆனால் கோரைப் புல்லைப் போல அது மறுபடியும் முளைக்கும். சிலருக்கு முளைக்கும்போதெல்லாம் வேரும் ஆழமாக இறங்கும். பையின் தசைச் சுவருக்குள் இறங்கிவிட்டால், மூத்திரப்பையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். முளைக்காமல் தடுப்பது எப்படி என்பதுதான் மொராலஸின் கவலை.

அவருக்கு முன்னால் சில பழைய தடயங்கள் இருந்தன. க்ஷயம் வந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாகக் காணப்படுகிறது என்று 1929-ல் அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் பேர்ல் எழுதியிருந்தார். அவர் கணக்கில் பிழை உண்டு என்று பின்னால் தெரிந்தாலும், யோசனை மட்டும் சாகவில்லை. 1959-ல் லாயிட் ஓல்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பி.சி.ஜி. செலுத்திய எலிகளின் உடம்பு புற்றை எதிர்ப்பதைக் கண்டார்கள். கினிப் பன்றியின் மூத்திரப்பை க்ஷயக் கிருமிச் சத்துக்கு எதிராகப் பலமாகச் சீறுகிறது என்று 1966-ல் இன்னொரு ஆராய்ச்சி காட்டியது.

ரத்தப் புற்று, தோல் புற்று என்று பலவற்றுக்கும் பி.சி.ஜி.யைப் போட்டுப் பார்த்த காலம் அது. பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சியது. காரணமும் விளங்கிவந்தது. கட்டி சிறிதாக இருக்க வேண்டும். கிருமி கட்டியை நேராகத் தொட வேண்டும். போதுமான அளவு கிருமி வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் பலன்.

மூன்றும் பொருந்தும் உறுப்பு எது? மூத்திரப்பைதான்! அது ஒரு பை. மருந்தை ஊற்றினால் உள்ளே நிற்கும். சுவர் முழுவதையும் நனைக்கும். வேலை முடிந்ததும் தானே வெளியேறிவிடும்.

ஆறு புட்டி, ஆறு வாரம்

மருந்தை எத்தனை தடவை கொடுப்பது? இதற்கு முன் யாரும் செய்ததில்லை. எனவே கணக்கும் இல்லை. கானடாவில் கிடைத்த பி.சி.ஜி. ஆறு புட்டிகளாகக் கட்டி வந்தது. ஆகவே ஆறு தடவை! ஒரு தடவை கொடுத்தால் வரும் எரிச்சலும் காய்ச்சலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டன. ஆகவே வாரம் ஒரு தடவை! இப்படி வந்ததுதான் "ஆறு வாரச் சிகிச்சை". உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் அதே ஆறு வாரம்தான் முதல் கட்டம்.

1976-ல் மொராலஸும் அவருடைய சகாக்களும் ஒன்பது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன், அந்த ஒன்பது பேரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 77 மாதம். அதில் கட்டி 22 தடவை திரும்ப முளைத்திருந்தது. சிகிச்சைக்குப் பின் 41 மாதக் கணக்கில் முளைத்தது ஒரே ஒரு தடவை.

ஒன்பது பேரை வைத்து உலகம் நம்பிவிடாது. நம்பக்கூடாது என்பதே சரி. 1980-ல் அமெரிக்காவில் டொனால்ட் லாம் என்ற டாக்டர், மருந்து கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்த சோதனையின் முடிவை வெளியிட்டார். பலன் உறுதியாயிற்று. 1990-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2000-ல் வந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சி, ஆறு வாரத்தோடு நிறுத்தாமல் மூன்று வருஷம்வரை விட்டு விட்டுக் கொடுத்தால் கட்டி திரும்புவது மேலும் குறையும் என்று காட்டியது.

ஊரைக் கூட்டும் கூச்சல்

க்ஷயத்துக்கான கிருமி புற்றுநோயை எப்படி அடக்குகிறது?

வீட்டுக்குள் திருடன் ஒளிந்திருக்கிறான். வீட்டு ஆள் போலவே உடுத்தியிருப்பதால் காவலாளிக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த நேரத்தில் வாசலில் ஒருவன் வந்து பெருங்கூச்சல் போடுகிறான். ஊரே திரண்டு வருகிறது. வந்த கூட்டம் மூலை முடுக்கெல்லாம் துழாவுகிறது. ஒளிந்திருந்தவனும் அகப்பட்டுக்கொள்கிறான்.

புற்று அணுக்கள் நம் உடம்பின் சொந்த அணுக்களிலிருந்து கெட்டுப்போனவை. அதனால் உடம்பின் காவல் படை ஏமாந்துபோகிறது. பி.சி.ஜி. அந்தக் கூச்சலைப் போடுகிறது. வெள்ளை அணுக்கள் பைச் சுவருக்குத் திரண்டு வருகின்றன. புற்று அணுக்களையும் தாக்குகின்றன.

சிகிச்சை எளிமையானது. கட்டியைச் சுரண்டி எடுத்து, புண் ஆறுவதற்கு இரண்டு வாரமாவது விடுவார்கள். பிறகு மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாக, 50 மில்லி உப்பு நீரில் கரைத்த மருந்தைப் பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்து பிறகு கழிக்க வேண்டும். உயிருள்ள கிருமியானதால், அன்று ஆறு மணி நேரம்வரை கக்கூஸில் பிளீச்சிங் மருந்து ஊற்றச் சொல்வார்கள்.

ஒன்றிரண்டு நாள் எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் போவதும், லேசான காய்ச்சலும் சகஜம். காய்ச்சல் கடுமையாகி விடாமல் அடித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குக் கிருமி ரத்தத்தில் பரவுவதுண்டு. அதற்கு க்ஷய மாத்திரைகளே மருந்து. கட்டி தசைச் சுவருக்குள் இறங்கிவிட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை போதாது. ஆரம்பத்தில் வந்தவர்களுக்கே இந்த வரம்.

கிண்டி ஆய்வுக்கூடமும் குழந்தைகளுக்கான ஊசியோடு, மூத்திரப்பைச் சிகிச்சைக்கான பி.சி.ஜி.யையும் தயாரித்திருக்கிறது. அங்கே வளர்த்தது டேனிஷ் வகை. திருவள்ளூரில் பரீட்சைக்கு நின்ற இரண்டு வகைகளில் ஒன்று அது!

மருந்து இருந்தும் தட்டுப்பாடு வராமல் இல்லை. உற்பத்தித் தர விதிகளைக் காரணம் காட்டி 2008-ல் கிண்டியின் உரிமத்தை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. 2010-ல்தான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கானடாவில் சனோஃபி கம்பெனியின் உற்பத்தி 2012-ல் தடைப்பட்டது. 2017-ல் அந்தக் கம்பெனி இந்த மருந்தையே கைவிட்டது. பல தேசங்களில் நோயாளிகள் மருந்துக்குக் காத்துக் கிடந்தார்கள். கிருமியை வளர்ப்பது மாத்திரை உருட்டுகிற வேலை அல்ல; மெதுவாகத்தான் வளரும்.

பிராஸ்டேட்டா, புற்றா?

ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. ராத்திரியில் நான்கு தடவை எழுந்திருப்பது, சிறுநீர் மெலிந்து சொட்டுவது, முக்கிக் கழிப்பது ஆகியவை பெரும்பாலும் பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தால் வருகிறவை. மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றி மோதிரம் போல இருக்கும் சுரப்பி அது. வயதானால் பருக்கிறது. பருத்ததெல்லாம் புற்று அல்ல. மாத்திரையிலேயே பலருக்குக் குணம் தெரியும். மற்றவர்களுக்குக் கருவி வழியாகச் சுரண்டி எடுக்கலாம்.

ஆனால் "எனக்கு பிராஸ்டேட் இருக்கிறது, ரத்தமும் அதனால்தான் வந்திருக்கும்" என்று தானே முடிவு கட்டிவிடுவது ஆபத்து. பிராஸ்டேட்டிலிருந்தும் ரத்தம் வரலாம். பையிலுள்ள கட்டியிலிருந்தும் வரலாம். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், குழாய்க் கருவியால் உள்ளே பார்ப்பது ஆகிய மூன்றும் செய்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

பீடியும் சாயமும்

இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்கே மும்மடங்குக்கு மேல் வருகிறது. முக்கியக் காரணம் புகையிலை. புகையிலுள்ள விஷம் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்தைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. வடிகட்டிய விஷம் மணிக்கணக்கில் மூத்திரப்பையில் தேங்கி நிற்கிறது. பீடி பிடிப்பவன் வாயில் வைப்பதை, அவன் மூத்திரப்பை ராத்திரி முழுவதும் சுமக்கிறது.

இன்னொரு காரணம் தொழில். 1895-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர ஸர்ஜன் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த 45 பேரில் மூன்று பேருக்கு மூத்திரப்பைக் கட்டி இருப்பதைக் கண்டு எழுதினார். பிறகு நடந்த ஆராய்ச்சிகளில் 2-நாஃப்தைலமின் என்ற ரசாயனம் பெரிய குற்றவாளி என்று தெரியவந்தது. சாயத் தொழிலிலும் ரப்பர்த் தொழிலிலும் அது புழங்கியது. பீடி சிகரெட் புகையில்கூட அது உண்டு! தொழிற்சாலை விஷம் உடனே தாக்குவதில்லை. பத்து, இருபது, முப்பது வருஷம் கழித்தும் தாக்கும். ரிடையரான பிறகு ரத்தம் வந்தால், தாம் எந்தப் பட்டறையில் என்ன வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை போதும்

முப்பது வருஷம் லேத்தில் நின்ற அந்தத் தொழிலாளியிடம் திரும்பி வருவோம்.

காலையில் சிவப்பாகப் போயிற்று. மறுநாள் தெளிந்துவிட்டது. தெளிந்தது குணமானதற்கு அடையாளம் அல்ல. கட்டி அப்படித்தான் ஒரு நாள் கசியும், பல மாதம் சும்மா இருக்கும். ஒரே ஒரு தடவை கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், காட்டத்தான் வேண்டும்.

காட்டுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் மின்சார ரயில் நிற்கிறது. சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி. பூந்தமல்லிக்காரருக்கு நெடுஞ்சாலையோடு பஸ்ஸில் வந்தால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி. இரண்டிலும் சிறுநீர் உறுப்புகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கால்மெட்டும் கெரானும் பதின்மூன்று வருஷம் பொறுமையாக உழைத்தார்கள். திருவள்ளூர் ஜனங்கள் லட்சக்கணக்கில் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். மொராலஸ் ஒன்பது பேரிலிருந்து ஆரம்பித்தார். இத்தனை பேர் பாடும் ஒரு மனிதரின் வெட்கத்தால் வீணாகிவிடக்கூடாது.

இளநீர் குடிக்கட்டும், அதில் தப்பில்லை. குடித்துவிட்டு, பெண்டாட்டியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அன்றைக்கே ரயில் ஏறட்டும்.